டிரெசர் பதில்கள்: அசதி என்று விட்டுவிட்ட நோய்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முப்பத்து மூன்று வருஷம் எச்.ஏ.வாக, அதாவது தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளராக, இருந்தவன் நான். ஜனங்கள் வாயில் எச்.ஏ. வராது, எல்லாருக்கும் டிரெசர்தான். போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, கேள்வி எழுதிப் போட்ட சீட்டுகளுக்குப் பதில் சொன்னேன். தகரக் கூரைமேல் மழை இறங்கியதும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை, பாதியில் எழுந்துவிட்டோம். சொன்னதையும் விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். பெயரையும் தோட்டத்தையும் எடுத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. எந்தக் கதவைத் தட்டணும், உள்ளே போய் என்ன சொல்லணும் என்பது மட்டும் தெரியும்.

கேள்வி: ஐயா, பிள்ளை பிறந்த அன்றே தொப்புள்கொடி ரத்தம் பார்த்து ‘ஜி6பிடி குறைவு’ என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். அபூர்வ நோயா? வளர வளரப் போய்விடுமா?

ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பதுதான் அது. அபூர்வம் இல்லை தங்கச்சி, நம் நாட்டில் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு, ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். போகவும் போகாது. பீரோவில் போடும் அந்துருண்டையை இன்றைக்கே வீட்டைவிட்டு எறியுங்கள், பிள்ளைத் துணி பக்கமே வரக்கூடாது. மருதாணி பூச வேண்டாம். நாட்டு மருந்து, சீனக்கடை வேர் எதுவும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பிள்ளை மஞ்சளானாலோ, மூத்திரம் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி நன்றாக வளருவான்.

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயசு. அடிக்கடி விழுகிறான், படி ஏற முடியவில்லை. கெண்டைக்கால் மட்டும் நல்ல கெட்டி. பந்து விளையாடப் பிறந்தவன் என்று தாத்தா சொல்கிறார். நான் பயப்படுகிறேன்.

பாட்டி, பயப்படுவது நீங்கள் ஒருவராவது இருக்கிறீர்களே, நல்லது. பேரனைத் தரையில் சப்பணம் போட்டு உட்காரவைத்து, எழுந்திரு என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முதலில் பின்புறத்தைத் தூக்கி, அப்புறம் முட்டியைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் காலையே மரமாக வைத்து ஏறுகிற மாதிரி நிமிர்கிறானா? அப்படியென்றால் அந்தக் கெண்டைக்கால் பலத்தால் பெருத்தது இல்லை. டுஷேன் என்ற தசைநோயாக இருக்கலாம்.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதாரக் கிளினிக்) போய் ‘சி.கே. பாருங்கள்’ என்று கேளுங்கள். தசை கெட்டால் ரத்தத்தில் கசியும் ஒரு நொதி அது. சாதாரண ரத்தச் சோதனைதான். இந்த நோயில் அந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். இன்னொன்று, கல்லீரல் சோதனையில் வரும் சில எண்களும் கூடவே ஏறும், ஏனென்றால் அந்தச் சத்துகள் தசையிலிருந்தும் கசியும். அதைப் பார்த்துவிட்டுப் பல மாதம் கல்லீரலைத் தேடிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

குணமாக்கும் மருந்து என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் வருஷங்களைக் கூட்டுகிறது, பிசியோதெரபி செய்பவர் கால் சுருங்காமல் பார்த்துக்கொள்வார், இதயத்தை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பல் பிடுங்குவதானாலும் மயக்க மருந்து கொடுக்கும் முன் இந்த நோயைச் சொல்லியே ஆகணும், சில மயக்க மருந்துகள் ஆபத்து. மருமகளையும் சோதிக்கச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத் தாய்வழியாக வருகிறது, மீதிப் பேருக்குப் புதிதாக முளைக்கிறது. தயவுசெய்து இதை அந்தப் பெண்ணைத் திட்டும் கருவியாக்கிவிட வேண்டாம். உருவிவிட்டால் சரியாகும் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மகள் படிவம் ஐந்து படிக்கிறாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, எதற்கெடுத்தாலும் அழுகை. எஸ்.பி.எம். பரீட்சைப் பயம் என்கிறார்கள். மூத்தவன் பதினோரு வயசில் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். நானும் அவரும் சொந்தம், மாமன் மகன்.

இந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்தேன், அம்மாவைத் தனியாகவும் பார்த்துப் பேசினேன். பள்ளிக்கூடம் ஒரு பக்கத்தைப் பார்த்தது, ஆஸ்பத்திரி மூத்தவன் விஷயத்தில் இன்னொரு பக்கத்தைப் பார்த்தது, இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சொந்தத்தில் கல்யாணம், ஒரு பிள்ளைக்குக் கல்லீரல், இன்னொரு பிள்ளைக்கு நடுக்கம். இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் வில்சன் நோயைச் சோதிக்காமல் விடக்கூடாது. 1912-இல் அதைப் பற்றி விரிவாக எழுதிய நரம்பு மருத்துவரின் பெயர் அது.

சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தில் மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளும். இவர்களுக்கு அந்த வழி அடைப்பு. செம்பு முதலில் கல்லீரலில் தங்கும், அப்புறம் மூளையில், கண்ணில். பெரும்பாலும் ஐந்து வயசிலிருந்து முப்பத்தைந்துக்குள் வெளியே தெரியும். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், ஒரு நாள் முழுக்கப் பிடித்த மூத்திரத்தில் செம்பு, கண் டாக்டரின் விளக்குக் கருவியில் கருவிழி ஓரம் பழுப்புப் பச்சை வளையம், இந்த மூன்றையும் பார்ப்பார்கள். போகும்போது அவளுடைய படிவம் இரண்டு நோட்டையும் இப்போதைய நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்த ஸ்கேனும் அவ்வளவு தெளிவாகப் பேசாது.

நோய் அதுதான் என்றால் மருந்து இருக்கிறது. பெனிசிலமைன், துத்தநாகம் இரண்டும் பழைய மருந்துகள். வெறும் வயிற்றில், சாப்பாட்டிலிருந்து தள்ளி. தொடங்கின சில வாரத்தில் சிலருக்கு நடுக்கம் கூடும், பயந்து நீங்களாக நிறுத்திவிடக்கூடாது, டாக்டரிடம் சொல்லணும். நன்றாகிவிட்டது என்று இரண்டு வருஷம் கழித்து நிறுத்துகிறவர்கள்தான் கல்லீரல் கெட்டு வருகிறார்கள். ஆயுசுக்கும் மாத்திரை. ஈரல், கெராங் (சிப்பி), சாக்லெட், முந்திரி, காளான் ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். அப்புறம், ராத்திரி செம்புச் சொம்பில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸப்பில் வருமே, உங்கள் வீட்டிலும் அந்தச் சொம்பு இருக்கிறது என்றீர்கள். அதைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் நன்றாக ஓடி விளையாடினாலும் அவனுக்கும் சோதனை வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. அறிகுறி வருமுன் பிடித்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாமலே காப்பாற்றலாம்.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டும் வேலை, வயசு 38. மத்தியானத்துக்கு மேல் இமை தானாக விழுகிறது, ஒரு குலை இரண்டாகத் தெரிகிறது. மண்டோர் (மேஸ்திரி) என் வாயை முகர்ந்து பார்க்கிறார். நான் சம்சு (சாராயம்) தொட்டதே இல்லை.

நம்புகிறேன் தம்பி. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும்போது கண் சரியாக இருந்து, வேலை செய்யச் செய்ய விழுந்து, கொஞ்சம் தூங்கி எழுந்தால் திரும்பவும் திறக்கிறதென்றால், மயஸ்தீனியா கிரேவிஸ் என்று ஒன்று உண்டு. நரம்பு சொல்வதைத் தசை வாங்கும் இடத்தை உடம்பே தாக்கிக்கொள்ளும். விழுந்த இமைமேல் துணியில் சுற்றிய ஐஸை இரண்டு நிமிஷம் வையுங்கள். இமை சட்டென்று மேலே போனால் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தச் சோதனையோடு நெஞ்சில் தைமஸ் சுரப்பியையும் ஸ்கேன் எடுப்பார்கள். மாத்திரை உண்டு, நன்றாகவே கேட்கும். சிப்ரோஃபிளாக்சசின், ஜென்டமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக் இந்த நோயைக் கிளப்பிவிடும், ஆகவே எந்தக் கிளினிக்கிலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள். விழுங்க முடியாமலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு அவசரப் பிரிவு. அதுவரை நீளக் கழியில் அரிவாள் கட்டித் தூக்குகிற வேலை வேண்டாம், குலை இரண்டாகத் தெரிகிறவன் தலைமேல் அது விழும்.

கேள்வி: அக்காவுக்கு 45 வயசு. எப்போதும் அசதி, குளிர் தாங்கவில்லை, கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு தீட்டு வரவே இல்லை. சீக்கிரம் நின்றுவிட்டது என்று விட்டுவிட்டோம்.

இதற்கு என் தப்பைச் சொல்லித்தான் பதில் எழுத முடியும். எண்பதுகளில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டுகிற அம்மா ஒருவர். லயத்து வீட்டிலேயே பிரசவம், ரத்தம் நிறையப் போய் லோரியில் தூக்கிப் போனோம், பிழைத்துவிட்டார். அப்புறம் பதினோரு வருஷம் மாதாமாதம் வருவார். ‘டிரெசரையா, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.’ நான் இரும்பு மாத்திரையும் பி வைட்டமினும் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். பதினோரு வருஷம்! முகம் வெளுத்து வழவழவென்று இருக்கும், புருவ ஓரம் உதிர்ந்து போயிருக்கும், ரத்தக்குறைவு என்று என் முடிவு. ஒரு நாள் வாந்தியும் மயக்கமுமாகக் கொண்டுபோனபோது, புதிதாக வந்த இளம் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘கடைசிக் குழந்தைக்குப் பால் வந்துச்சாம்மா?’

வரவில்லை. ஒரு சொட்டும் வரவில்லை. மாவுப்பால்தான் கொடுத்தார்.

பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் மூளை அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பட்டினி கிடந்து செத்துவிடக்கூடும். பிரசவக் காலத்தில் அது பெருத்திருக்கும், அதனால் எளிதில் அடிபடும். ஷீஹன் என்ற மருத்துவர் 1937-இல் விளக்கியது. பால் வராது, தீட்டு வராது, அப்புறம் தைராய்டு, கார்டிசால் (நோயையும் அதிர்ச்சியையும் உடம்பு தாங்க உதவும் சுரப்பு) எல்லாம் மெல்ல மெல்லக் குறையும். பல வருஷம் கழித்தும் வெளிப்படும்.

ஆகவே அக்காவிடம் அந்தப் பாலைப் பற்றிக் கேளுங்கள், பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். பால் வரவில்லை, ரத்தம் ஏற்றினார்கள் என்றால் காலை எட்டு மணி கார்டிசால், தைராய்டின் இரண்டு எண்ணும், சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மட்டும் குறைவு என்று தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினால் ஆபத்து, கார்டிசால் குறைவு இருந்தால் அதற்கான ஹைட்ரோகார்டிசோன் முன்னால் போகணும். காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையின் அளவை இரண்டு மடங்காகக் கூட்டச் சொல்லிக்கொடுப்பார்கள், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான். அந்த அம்மா மாத்திரை தொடங்கின மூன்றாம் மாதம் என்னைப் பார்க்க வந்தார், கையில் பலகாரத்தோடு. நான் சரியாக நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேள்வி: மாமாவுக்கு இனிப்புநீர். மருந்தடிக்கும் வேலை. மூன்று வாரமாகக் காய்ச்சல், நெஞ்சுப் படத்தில் நிழல். டீபி என்றார்கள், சளியில் கிருமி இல்லை.

மழைக்காலம், இனிப்புநீர், சேற்றில் வெறுங்கால். மெலியோய்டோசிஸ் என்று கேட்டுப் பாருங்கள். மண்ணிலும் தேங்கின நீரிலும் இருக்கும் கிருமி, கால் வெடிப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். ரங்கூனில் கண்டு 1912-இல் எழுதியவர்கள் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும், நம்ம ஊர்ப் பெயர் ஒன்று அதில் இருப்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். டீபி மாதிரியே வேஷம் போடும். ரத்தம், சளி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும், ‘பிளட் கல்ச்சர் எடுத்தீங்களா’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அதுதான் என்றால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊசி, அப்புறம் மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் விட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்பும். மாத்திரை பெரும்பாலும் கோட்ரைமாக்சசோல், அவருக்கு ஜி6பிடி குறைவு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலைக்குத் திரும்பும்போது பூட்ஸ்.

கேள்வி: அப்பாவுக்கு 74. கால் தரையில் ஒட்டின மாதிரி நடக்கிறார், மூத்திரம் அடக்க முடியவில்லை, மறதி. வயசுதானே?

நடை முதலில் கெட்டதா, மறதி முதலில் வந்ததா? நடைதான் முதலில் என்றால் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். மூளைக்குள் நீர் தேங்கி அழுத்துவதாலும் இந்த மூன்றும் சேர்ந்து வரும். முதுகிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துவிட்டு நடக்கவைத்துப் பார்ப்பார்கள். நடை தேறினால் குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு இறக்கிவிடலாம். எல்லாருக்கும் கேட்காது, கேட்டவர்கள் கோயிலுக்குத் தனியாக நடந்து போகிறார்கள்.

கேள்வி: இவ்வளவுக்கும் காசு எங்கே போவது?

அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), அரசு நிபுணரிடம் ஐந்து. கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈப்போவுக்கு மேலே மரபணு டாக்டர் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காடி (கார்) வாடகைதான் பெரிய செலவு.

கேள்வி: ஐயா, நான்தான், படிவம் ஐந்து பிள்ளையின் அம்மா. ஒருவேளை அந்த நோய்தான் என்றால் அவளுக்குக் கல்யாணம், குழந்தை?

உண்டும்மா. மருந்தை நிறுத்தாமல், கர்ப்பத்தில் டாக்டர் அளவை மாற்றிக் கொடுக்க, நல்ல பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அந்த மரபு இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நோய் வராது, மரபை மட்டும் சுமப்பார்கள். முதலில் அவள் சோதனை, சின்னவன் சோதனை. உங்கள் தம்பி மகனைப் பேசிவைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அவன் ரத்தத்தையும் பார்க்காமல் பரிசம் போட வேண்டாம்.