இனிப்பு நீர் இருந்தால் இம்ப்ளாண்ட் போடலாமா?

கேள்வி: வயது 58, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைசிப் பற்கள் இரண்டும் ஆடி ஆடி, போன வருடம் பிடுங்கியாயிற்று. பல நாளாக இனிப்பு நீரும் உண்டு. கிளினிக்கில் இம்ப்ளாண்ட் போடச் சொல்கிறார்கள். போடலாமா, கழற்றி மாட்டும் பல்செட்டே போதுமா?

பதில்: போடலாம் அம்மா, ஆனால் உடனே வேண்டாம்.

இனிப்பு நீர் இருந்தாலே இம்ப்ளாண்ட் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்பு நீர்தான் பிரச்சினை. டைட்டானியம் திருகைத் தாடைக்குள் இறக்கியபின் எலும்பு அதை ஒட்டி வளர்ந்து இறுகப் பிடிக்க வேண்டும், அதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும், அந்தச் சமயத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் புண் ஆறாது, கிருமியும் சேரும். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகப் போங்கள். 8-ஐத் தாண்டினால் நானாக இருந்தால் தள்ளித்தான் வைப்பேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, பற்கள் ஆடி ஆடிப் பிடுங்க வேண்டிவந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது. அடிபடாமல் பல் ஆடினால் பெரும்பாலும் ஈறு நோய்தான், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அது கடுமையாக வர வாய்ப்பு அதிகம். இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது, ஆனால் உங்கள் பல்லின் அடியில் எலும்பைக் கரைத்த அதே நோய் இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள எலும்பையும் கரைக்கும். ஆகவே முதலில் மீதிப் பற்களின் ஈறுகளுக்கு உள்ளே வரை சுத்தம் செய்து, இரத்தம் வடிவது நின்றதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் நேராகத் திருகு இறக்கலாம் என்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பல்செட்டைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அரசாங்கப் பல் கிளினிக்கில் குறைந்த செலவில் கிடைக்கும், காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஆனால் கடைசிப் பற்களே இல்லாத இடத்தில் அது மெல்லும்போது அசையும், எலும்பு தேய்வதையும் தடுக்காது. பின்னால் பிடிக்கப் பல் இல்லாததால், இருபக்கப் பற்களைப் பிடித்துப் பொருத்தும் பிரிட்ஜும் உங்களுக்குச் சரிவராது. அதற்காக இடத்தை வருடக்கணக்கில் காலியாகவும் விடாதீர்கள், மேல்பல் மெல்லக் கீழே இறங்கிவரும்.

அப்புறம், போடுவதென்று முடிவானால் 3டி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பில் திருகு பட்டால் உதடு மரத்துப்போகும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் அதை முதல் நாளே பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது.