உருளை போடாத போகத்தில் என்ன செய்கிறீர்கள்?

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடும் என்னிடம், மண்வளத்தை மீட்கும் வேளாண்மை பற்றி வந்த கேள்விகள்.

ஐயா, உழாமலே உருளைக்கிழங்கு விளைவிக்கலாம் என்கிறார்களே, நம் மலையில் முடியுமா? (கோத்தகிரி)

முழுமையாக முடியாது. நடவு, மண் அணைப்பு, அறுவடை என்று மண்ணைக் கிளறியே தீர வேண்டிய பயிர் இது. வங்காளத்தில் நெல் அறுத்த ஈர வயலில் விதைக்கிழங்கை வைத்து, மேலே வைக்கோலைக் கனமாகப் போர்த்தி எடுக்கிறார்கள். அங்கே நிலம் தட்டை, வைக்கோலும் பக்கத்திலேயே கிடைக்கிறது. நமக்கு அது லாரி ஏறி வர வேண்டும். வந்தாலும் சரிவில் காற்றும் மழையும் விட்டுவைக்காது. போர்வை விலகிய இடத்தில் வெயில் பட்டுக் கிழங்கு பச்சையாகிவிடும், அதைத் தின்னக் கூடாது. நான் சரிவுக்குக் குறுக்கே பார் (நடவுக்கான மண்மேட்டு வரிசை) போடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். மண்ணைத் தேற்றும் வேலையெல்லாம் உருளை இல்லாத போகங்களில்தான்.

செடிகள் திட்டுத் திட்டாக மஞ்சளாகிக் குட்டையாக நிற்கின்றன. உரத்தைக் கூட்டியும் பயனில்லை.

உரமூட்டையை ஓரமாக வையுங்கள். பூக்கும் தருணத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு தூக்கி, மண்ணை மெதுவாக உதறுங்கள். வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிய மணிகள், வெள்ளையாகவோ பொன்மஞ்சளாகவோ ஒட்டியிருந்தால் அது முட்டைக்கூடு நூற்புழு, வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. 1961-இல் ஊட்டிப் பகுதியில் கண்டறியப்பட்டது. இன்னும் நம்மை விடவில்லை. ஒவ்வொரு கூட்டிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள். அவை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, உருளை வேரின் கசிவு பட்டதும் விழிக்கும். அதனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மாற்றிப் போடுங்கள். விட்டுப்போன கிழங்கிலிருந்து தானாக முளைக்கும் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். அதைச் செய்யாத பயிர்ச்சுழற்சி வெறும் பேச்சு. மீண்டும் உருளை போடும்போது குப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகம் நல்லது. பக்கத்து வயலுக்குப் போகுமுன் மண்வெட்டியையும் செருப்பையும் கழுவுங்கள்.

இடையில் தக்காளி போடலாமா?

கூடாது. தக்காளியும் கத்தரியும் உருளையின் குடும்பம். புழுவுக்கு அதுவும் விருந்துதான்.

பசுந்தாள் உரத்துக்குக் கடுகு விதைக்கச் சொல்கிறார்கள். (குந்தா)

உங்கள் சுழற்சியில் முட்டைகோஸ் உண்டா? உண்டென்றால் கடுகு வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம், கோஸின் வேர்முடிச்சு நோய் கடுகிலும் வளரும். நான் பயறு வகையைச் சேர்ந்த லூபின் செடியை விதைக்கிறேன். பூக்கத் தொடங்கியதும், தண்டு நாராகும் முன்பே மடக்கி மண்ணில் சேர்த்துவிடுவேன். அது மட்க மூன்று வாரமாவது விட்டுத்தான் நடவு.

மண் பரிசோதனையில் பி.எச். (அமில, கார அளவு) 4.8, அமில மண். உருளை நடுமுன் சுண்ணாம்பு போடட்டுமா, அண்ணா?

போடலாம், ஆனால் உருளைக்கு முன்னால் அல்ல. அமில மண்ணை உருளை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்தால் கிழங்குத் தோலில் சொறி வரும், வியாபாரி விலையைக் குறைப்பார். பீன்ஸ் அல்லது கோஸ் போகத்துக்கு முன் இடுங்கள்.

போர்டோ கலவை இயற்கையானதுதானே? வாரந்தோறும் அடிக்கிறேன்.

போர்டோ கலவை என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி. அந்த மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அடித்த செம்பு மண்ணிலேயே தங்கிச் சேரும், மண்புழுவுக்கு ஆகாது. நீங்கள் தெளிப்பது பின்பருவ இலைக்கருகல் நோய்க்காக என்றால், அதற்கு முதல் மருந்து ரகத் தேர்வு. அடுத்தது, போன போகத்தில் கழித்து வரப்போரம் கொட்டிய கிழங்குக் குவியல். அதில் முளைக்கும் செடியில்தான் கருகல் முதலில் தலைகாட்டும். முதலில் அதைக் குழி தோண்டி ஆழப் புதைத்துவிட்டு வாருங்கள், தெளிப்பானைப் பற்றிப் பிறகு பேசலாம்.