டயரில் எவ்வளவு காற்று வைப்பது? கேள்வி பதில்

கேள்வி: டயரின் பக்கவாட்டில் 51 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று போட்டிருக்கிறது, காற்று அடிப்பவரோ 30 போதும் என்கிறார். எதை நம்புவது சார்?

பதில்: இரண்டையும் விடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று அதில் இருப்பதுதான் உங்கள் காருக்கான அளவு. டயரில் இருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பு. அதே டயர் வேறு பல கார்களிலும் ஓடும், உங்கள் காரின் எடை எந்தப் பக்கம் எவ்வளவு விழுகிறது என்பது காரைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: ஸ்டிக்கரில் 220 என்று இருக்கிறதே?

பதில்: அது கிலோபாஸ்கல், அழுத்தத்தை அளக்கும் இன்னொரு அலகு. ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ.

கேள்வி: காலையில் 33 வைத்தேன். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தால் 37. கொஞ்சம் இறக்கிவிடவா?

பதில்: தயவுசெய்து இறக்காதீர்கள். ஓடினால் டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும், அதைக் கணக்கில் வைத்துத்தான் ஸ்டிக்கர் எண்ணே போடப்பட்டது. இப்போது 33க்கு இறக்கினால் நாளைக் காலை 29தான் இருக்கும். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். காற்று அடிக்கும் இடம் தூரம் என்றால் ஒரு கேஜ் வாங்கி வீட்டிலேயே அளந்துவிடுங்கள். ஸ்டிக்கர் அளவைவிட 4 குறைகிறது என்றால், அங்கே போனதும் எந்த எண் காட்டினாலும் அதற்கு மேல் 4 ஏற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: குளிர்நாட்களில் காலையில் டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, கொஞ்சம் ஓடியதும் அணைந்துவிடுகிறது. சென்சார் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை, காற்றுதான் குறைவு. வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். பல கார்களில் கால்வாசி அழுத்தம் போன பிறகுதான் அந்த விளக்கே எரியும், அதாவது 32 இருக்க வேண்டிய இடத்தில் 24. அதனால் விளக்கை நம்பி இருக்காமல் மாதம் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

கேள்வி: குலுங்காமல் போகட்டும் என்று வேண்டுமென்றே 5 பிஎஸ்ஐ குறைத்தே ஓட்டுகிறேன். தப்பா அண்ணா?

பதில்: தப்புதான் தம்பி, இதை மட்டும் உடனே நிறுத்துங்கள். காரைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. அது குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டுச் சுவர் அளவுக்கு மேல் மடங்கி விரியும், அதில் சூடு ஏறும், வேகமும் சுமையும் வெயிலும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, இப்போதைய கார்களில் இருக்கும் ரேடியல் வகை டயர் சரியான காற்றிலேயே கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். இரண்டு ஓரமும் சீக்கிரம் தேயும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். அதற்காக அதிகமாகவும் அடிக்காதீர்கள், அப்போது நடுப்பகுதி தேயும், சாலையில் பிடிப்பு குறையும்.

கேள்வி: நைட்ரஜன் அவசியமா?

பதில்: இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தனி நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஆனாலும் மாதாமாதம் பார்க்கத்தான் வேண்டும். இரண்டையும் கலந்தாலும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள். கூட்ட வேண்டுமா?

பதில்: ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று தனி அளவு கொடுத்திருந்தால் அதை வையுங்கள், பெரும்பாலும் பின் டயருக்குத்தான் கூடும். திரும்பி வந்ததும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஒரே டயரில் மட்டும் வாரா வாரம் 3 பிஎஸ்ஐ இறங்குகிறது.

பதில்: அது கசிவு. சோப்புத் தண்ணீரை வால்வின் வாயிலும் ரிம் ஓரத்திலும் டயரின் மேலும் ஊற்றுங்கள், குமிழி வரும் இடத்தில் ஓட்டை. ஆணி தெரிந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், பஞ்சர் கடை வரை அதுதான் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். புறப்படும் முன் ஸ்டெப்னியையும் பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பொதுவாக 60 பிஎஸ்ஐ வேண்டும், மற்ற நான்கைப் போல 32 வைத்தால் போதாது.