பஸ்காவுக்கு வராத அப்பம்

கேள்வி: அமெரிக்காவில் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்றில் இருக்கிறேன். இஸ்ரேல் ஆக்கிரமிப்புக்குத் துணைபோகும் நிறுவனங்களின் பங்குகளைத் திருச்சபை விற்றது சரியே என்று சபைக் கூட்டத்தில் பேசினேன். ஒவ்வொரு பஸ்கா பண்டிகைக்கும் புளிப்பில்லாத அப்பம் கொண்டுவரும் யூதத் தோழி, இந்த ஆண்டு வரவில்லை. நான் பேசியது தவறா?
— வாசகி, நியூஜெர்சி

பதில்: அன்புச் சகோதரி, மனசாட்சிப்படி பேசியதில் தவறில்லை. ஆனால் அவர் வராதபோது நீங்களாவது போயிருக்கலாமே!

உங்கள் திருச்சபையே இதில் இரண்டுபட்டுத்தான் கிடந்தது. 2012இல் பிட்ஸ்பர்க் பொதுப் பேரவையில் 333க்கு 331 என்று விற்பனை யோசனை தோற்றது. 2014இல் டெட்ராய்ட்டில் 310க்கு 303 என்று வென்றது. கேட்டர்பில்லர், ஹியூலட்-பேக்கார்ட், மோட்டரோலா சொல்யூஷன்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் பங்குகள். மதிப்பு சுமார் 2.1 கோடி டாலர். பாலஸ்தீனர் வீடுகளை இடித்த புல்டோசர்கள் கேட்டர்பில்லருடையவை. பங்கை விற்றுவிலகுங்கள் என்று 2009இலேயே கைரோஸ் அறிக்கை வழியாகக் கேட்டவர்கள் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள். அவர்கள் குரலுக்குச் செவிகொடுத்தீர்கள். அதற்காகக் கூச வேண்டாம்.

உங்கள் தோழியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் யூதர் கடை வாசல்களில் நாஜிகள் அட்டை பிடித்து நின்றார்கள்: ‘யூதரிடம் வாங்காதே.’ திருச்சபைகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. அந்த நினைவு உள்ள வீட்டில், திருச்சபை பங்கை விற்கிறது என்ற செய்தி வெறும் கணக்கு வழக்காகப் போய்ச்சேராது.

டெட்ராய்ட் தீர்மானம் இஸ்ரேல் நிலைத்திருக்கும் உரிமையை ஏற்றது. ஆனால் அதே ஆண்டில் திருச்சபையின் குழு ஒன்று வெளியிட்ட கையேடு, யூதருக்குத் தனி நாடு வேண்டும் என்னும் சியோனிசத்தையே குற்றக்கூண்டில் ஏற்றியது. வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில் திருச்சபை தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியது. உறவைக் கூடுதலாகப் புண்படுத்தியது அந்தக் கையேடுதான் என்பேன். அதன் வாசகங்கள் ஏதும் உங்கள் பேச்சிலும் கலந்தனவா? யோசித்துப் பாருங்கள், கலந்திருந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள்.

அவர் மனத்தில் இருப்பதை நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். டெட்ராய்ட்டில் யூத மதகுரு ரபி ரிக் ஜேக்கப்ஸ் நேரில் வந்து, விற்க வேண்டாம் என்று மன்றாடினார். விற்பனையை ஆதரிக்கும் யூதர் நான் என்று எழுதிய சட்டையுடன் வேறு சில யூதர்களும் அங்கே இருந்தார்கள். உங்கள் தோழி எந்தப் பக்கமோ, இரண்டுக்கும் நடுவிலோ, அவர் வாயால் கேளுங்கள்.

பழம் வாங்கிக்கொண்டு போங்கள். வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கிவிடும், வியாழனே போய்விடுங்கள்.