ஐம்பது கணக்கு வேண்டாம், அந்த 376-ஐப் பாருங்கள்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல் ஓரளவு வருகிறது. கழித்தல் என்றால் தப்புதான். 63-ல் 28 போனால் 45 என்கிறாள், 402-ல் 178 போனால் 376 என்கிறாள். கவனமே இல்லை என்று தினமும் ஐம்பது கணக்கு கொடுக்கிறேன். அழுகைதான் மிச்சம். என் மாமனார் நோட்டு இல்லாமலே ஏதோ கூட்டிக் கூட்டிச் சரியான விடையைச் சொல்லிவிடுகிறார். "தாத்தா மாதிரி போட்டால் டீச்சர் தப்பு போடுவாங்க" என்று நான் தடுக்கிறேன். அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகளுக்குக் கவனம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த இரண்டு விடைகளையும் இன்னொரு தடவை பாருங்கள். 63-ல் 28 கழிக்கும்போது 3-ல் 8 போகாது. அதனால் 8-ல் 3-ஐக் கழித்து 5 போட்டுவிட்டாள். 402-லும் அதேதான்: 8-ல் 2 போக 6, 7-ல் பூஜ்ஜியம் போக 7, 4-ல் 1 போக 3. எது மேலே, எது கீழே என்று பார்ப்பதில்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்று தானாக ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் செய்கிறாள். கவனக்குறைவு என்றால் தப்பு கணக்குக்குக் கணக்கு மாறும். இது மாறவே இல்லை. இதே விதியோடு ஐம்பது கணக்கு போட்டால் அந்தத் தப்புக்குத்தான் நல்ல பயிற்சி. அதனால் முதல் வேலையாக அந்த ஐம்பதை நிறுத்துங்கள்.

அடுத்து, கொல்லையில் விழுந்த தென்னை மட்டையிலிருந்து கொஞ்சம் ஈர்க்குச்சி கிழித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, 52-க்கு ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவள் முன்னால் வையுங்கள். "எனக்கு 27 கொடு" என்று கேளுங்கள். இரண்டு கட்டை உடனே நீட்டுவாள். ஏழு உதிரிக்கு வரும்போது கை நிற்கும், ஏனென்றால் இருப்பது இரண்டுதான். அப்போது நீங்கள் வாயே திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவளே கழற்றுவாள். பத்து குச்சி உதிரியோடு சேர்ந்து பன்னிரண்டாகும், அதில் ஏழு போக ஐந்து. பள்ளியில் இனமாற்றம் என்று சொல்லித் தருவது இதைத்தான். குச்சியில் செய்த அதே கணக்கை உடனே பக்கத்தில் நோட்டில் எழுதவும் வையுங்கள். கட்டம் போட்ட நோட்டாக இருந்தால் பத்துக்குக் கீழே பத்து, ஒன்றுக்குக் கீழே ஒன்று என்று நேராக நிற்கும்.

402 கொஞ்சம் பொல்லாத கணக்கு. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் பூஜ்ஜியம் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? இதற்குக் குச்சியைவிட ரூபாய் நல்லது. நான்கு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுங்கள், நீங்கள் கடைக்காரர் ஆகி 178 கேளுங்கள். ஒரு நூறை மாற்றினால் பத்து ரூபாய் நோட்டு பத்து கிடைக்கும். அதில் ஒரு பத்தையும் சில்லறையாக மாற்றினால் இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. பூஜ்ஜியத்தின் தலையில் அந்த 9 எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்பது பெரியவர்களில் பலருக்கே தெரியாது, சும்மா போட்டுப் பழகியிருப்பார்கள். இனி 12-ல் 8, 9-ல் 7, 3-ல் 1. விடை 224.

உங்கள் மாமனாரைத் தடுக்காதீர்கள். அவர் கழிப்பதே இல்லை, ஏறிப் போகிறார்: 178-லிருந்து 180-க்கு 2, 200-க்கு 20, அப்புறம் 400-க்கு 200, கடைசியில் 2. மொத்தம் 224. இதுவும் முறையான வழிதான். பள்ளி நோட்டில் டீச்சர் சொன்ன மாதிரி போடட்டும், விடை சரியா என்று பார்ப்பதைத் தாத்தாவிடம் விட்டுவிடுங்கள். தாத்தா எப்படியும் காலையில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காமல் இருக்கமாட்டார். முழு மட்டம் 120 அடி. பேப்பரில் 87 அடி என்று போட்டிருந்தால் நிரம்ப இன்னும் எத்தனை அடி என்று பேத்தியிடம் கேட்கட்டும் (புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடலாம்). 90-க்கு 3, 120-க்கு 30, ஆக 33. எடுத்துக் கொடுப்பது மட்டுமில்லை, இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதும் கழித்தல்தான் என்று அவளுக்குப் பிடிபடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மாமனாருக்கு நெல் அளக்கும் பழைய மரக்கால் கணக்கு தெரிந்திருக்கும். 12 மரக்கால் ஒரு கலம். 3 கலம் 2 மரக்கால் நெல்லில் 5 மரக்கால் அளந்து கொடுத்தால்? ஒரு கலத்தைப் பிரித்தால்தான் முடியும். 14-ல் 5 போக 9, மீதி 2 கலம் 9 மரக்கால். மூன்றாம் வகுப்புக்கு இது அதிகம். அடுத்த வருஷம் கேட்கச் சொல்லுங்கள்.

தினமும் ஐந்தாறு கணக்கு போதும். 68-ல் 25 மாதிரி கட்டைப் பிரிக்கத் தேவையே இல்லாத கணக்கும் அதில் இரண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யோசிக்காமல் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போவாள். பென்சிலை எடுக்கும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லட்டும். 400-ல் 200 போனால் 200, அப்படியிருக்க 376 எப்படி வரும் என்று அவளே கேட்பாள். போட்ட பிறகு விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிப் பார்க்கட்டும். 376-ம் 178-ம் சேர்ந்தால் 554. தப்பு என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அபாகஸ் வகுப்புக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அங்கே வேகம் பழக்குவார்கள், இவளுக்கு இப்போது வேகம் பிரச்சினை இல்லை. அதற்குப் பதில் அந்த இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் நடத்துகிறார்கள். கணக்கில் இவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று கேளுங்கள். 13-ல் 8 போக எவ்வளவு என்பதற்கே இன்னும் விரல் விட்டு எண்ணுகிறாள் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படியானால் மூன்று இலக்கக் கணக்கைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு 20-க்குள் இருக்கும் கழித்தலைத்தான் முதலில் பழக்க வேண்டியிருக்கும்.