ஷொப்பிங் பேக்கில் டீசல் காய்ச்சலாமா?

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒரு வாசகரின் கேள்வி: "தினமும் ஒரு மூட்டை பொலித்தீன் சேர்கிறது. யூடியூபில் பார்த்துவிட்டு, 45 கலன் பீப்பாவில் போட்டு டீசல் எடுக்கலாம் என்று மச்சான் நிற்கிறார். ஜெனரேட்டருக்கு ஊற்றலாமா?"

எண்ணெய் வரும், மச்சான் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது டீசல் இல்லை.

ஷொப்பிங் பேக் என்பது பொலிஎதிலீன், காபனும் ஐதரசனும் மட்டும் கோத்த நீளச் சங்கிலி. காற்றுப் படாமல் 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் சங்கிலி அறுந்து ஆவியாகி, குளிர்ந்த குழாயில் சொட்டத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால், அது அளந்து அறுவதில்லை. சின்னத் துண்டு வாயு, அடுத்தது பெற்றோல் மாதிரி, அப்புறம் டீசல் மாதிரி, பெரிய துண்டு மெழுகு, வாயுவைத் தவிர எல்லாம் ஒரே வாளியில்தான் விழும். போத்தலில் ஊற்றி ஒரு இரவு வைத்தால் அடியில் நெய் உறைந்தது போல நிற்குமே, அந்த மெழுகுதான் ஃபில்டரை அடைக்கும். பெற்றோல் பகுதியோ கொழும்பு வெயிலிலேயே ஆவி விட்டு ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். தொழிற்சாலைகளில் இதைப் பகுதி பகுதியாக வடித்து, ஐதரசன் ஏற்றித்தான் எரிபொருளாக்குகிறார்கள்.

பீப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மெழுகு குழாயில் உறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், வெல்டிங் விட்டால் கொதிக்கும் ஆவி காற்றைத் தொட்டதும் தீப்பிடிக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மூட்டைக்குள் என்ன கிடக்கிறது என்பது இன்னொரு தலைவலி. வயர் உறை, குழாய்த் துண்டு மாதிரி பி.வி.சி கலந்தால் ஐதரோகுளோரிக் அமில ஆவி வந்து இரும்பையும் நுரையீரலையும் சேர்த்து அரிக்கும். தண்ணீர், சோடா வரும் பெட் (PET) பிளாஸ்டிக் போத்தலைப் போட்டால் வெள்ளைப் பொடி படிந்து குழாய் அடைபடும். போத்தலைக் கிளைக்கோல் என்ற இரசாயனத் திரவத்தில் கரைத்து மூலப்பொருளாக்கும் வழி வேறு, அதுவும் தொழிற்சாலை வேலை.

மச்சானுக்குக் கை சும்மா இருக்காது என்றால் ஒரு பேசின் தண்ணீர் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடியையும் போத்தலில் ஒரு துண்டையும் அமுக்கி விட்டால் மூடி மேலே வரும், துண்டு தாழ்ந்தே கிடக்கும். பொலிஎதிலீனும் அதன் இனமான பொலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பி.வி.சியும் தாழும். ரெஜிஃபோம் மட்டும் உள்ளே காற்று இருப்பதால் மிதந்து ஏமாற்றும், அதைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கலாம். மிதந்ததைக் கழுவிக் காயவைத்து, தனி மூட்டையாகக் கட்டி, மீள்சுழற்சிக்கு எடுப்பவர்களிடம் விலை கேளுங்கள். ஜெனரேட்டருக்கு பெற்றோல் ஷெட்டில் அடிக்கும் டீசலே போதும்.