வாசகர் கேள்வி பதில்: மறுவாழ்வு வார்டில் நர்ஸுக்கு என்ன வேலை?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம். ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவும் பண்ணிவிட்டேன். கோயம்புத்தூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகக் கூப்பிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள்தான் அங்கே அதிகமாம். "அது ஆயா வேலை, போகாதே" என்கிறார்கள் கூடப் படித்தவர்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். அந்தப் பேச்சை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

உடம்பு துடைப்பதும் திருப்பிப் படுக்க வைப்பதும் அங்கே உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும்போது உங்கள் கண் குதிகாலையும் இடுப்புக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கணும். அங்கே சிவந்திருக்கிற இடத்தை விரலால் அழுத்தி, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குக் கவனிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும்.

இன்னொன்று சொல்கிறேன். கழுத்தெலும்பு முறிந்து கை கால் விழுந்துபோனவர் நடு ராத்திரியில் "தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது சிஸ்டர்" என்கிறார், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, பி.பி. மளமளவென ஏறுகிறது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தால் ஆபத்து. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று உடனே பார்க்கணும். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே இப்படி ஆகும், பக்கவாதத்தில் கொண்டுபோய்விடவும் செய்யும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தான்.

பக்கவாத நோயாளிக்கு விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் ஒரு வாய் காபி கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும். இதெல்லாம் பழகப் பழக வரும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், நம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஒரு சட்டையைப் போட அவருக்கு அரை மணி நேரம் ஆகும், நாம் போட்டால் ஒரு நிமிஷம், வெளியே அவர் மனைவி "நீங்களே போட்டுவிடக் கூடாதா" என்று கண் கலங்குவார். போட்டுவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருப்பார். அவர் சொல்லிக் கொடுத்ததைச் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போதும் செய்ய வைப்பது நீங்கள்தான். வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டைப் பற்றியும் விசாரிக்கணும். நம்ம மலையில் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போக எத்தனை படி, கக்கூஸ் எங்கே இருக்கு என்பதெல்லாம் நீங்கள் கேட்கிற மாதிரி சமவெளியில் வளர்ந்த நர்ஸுக்குக் கேட்கத் தோன்றாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கவும் காரணமாக இருந்தார். அவர் நம்பி இறங்கிய துறை இது.

வென்டிலேட்டர் அனுபவம் இங்கே கிடைக்காது, அது நிஜம். ஐ.சி.யூ.தான் ஆசை என்றால் முதலில் அங்கேயே போங்கள். மறுவாழ்வுக்குப் போவதாக இருந்தால் இன்டர்வியூவில் இதைக் கேளுங்கள்: ராத்திரி ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, ஆளைத் தூக்க உதவிக்கு ஆளோ கருவியோ உண்டா, மறுவாழ்வு மருத்துவர் தினமும் வருகிறாரா. தூக்கித் தூக்கி முதுகு போன நர்ஸுகள் நிறைய. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: குன்னூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்த என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் டியூப் போடுவதை என்னையும் அவரையும் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் நர்ஸ். அது அவர்கள் வேலை இல்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அம்மா அவர் வேலை. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டுச் சிறுநீரை வடித்து எடுத்துவிடணும், அதற்கு ஒவ்வொரு தடவையும் மலையை விட்டு இறங்க முடியுமா? கை நன்றாக இருப்பதால் அவரே செய்யலாம், முதலில் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவணும். நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கலங்கி நாற்றமடித்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

குளிருக்குக் கங்குச் சட்டியையோ சுடுதண்ணீர்ப் பையையோ அவர் கால் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. கம்பளியும் சாக்ஸும் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் நர்ஸ் பக்கத்தில் நிற்க நீங்கள் இருவரும் டியூப் போட்டுக் காட்டுங்கள். கை நடுங்காமல் வருகிற வரைக்கும் இன்னும் இரண்டு நாள் இருக்கிறோம் என்று தைரியமாகக் கேளுங்கள்.